சும்மாடு வைத்த ஹெல்மெட்

என் தலையின் வலப் பக்கத்தில் இரண்டு சிறு குழிகள் இருக்கின்றன. இப்போது முடி வளர்ந்து மூடிவிட்டது. ஆனாலும் தடவினால் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நுனி உட்காரும். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டுவிட்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ஹெல்மெட் போட்டிருந்தும் எப்படி? ஆளாளுக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், தெரிந்த அளவில் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். சாரம் கட்டுவது தொழில். கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டி, ஆட்கள் நின்று வேலை செய்ய மேடை போட்டுத் தருகிறவன். முன்பெல்லாம் சவுக்குக் கட்டையும் கயிறும். இப்போது குழாயும் அதை இணைக்கும் இரும்புக் கிளாம்பும். சூரத், விசாகப்பட்டினம், கொச்சி என்று போகாத ஊர் இல்லை. எந்த ஊரிலும் ஒரு கட்டடம் முடிகிற வரைக்கும் இருந்தது அபூர்வம். கால் அரிக்க ஆரம்பித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவண்ணாமலைக்கும் அப்படி வந்தவன்தான். செங்கம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு பெரிய லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை கிடைத்தது. நெஞ்சு வரை தாடி வைத்திருந்ததால் சைட்டில் எனக்கு வைத்த பெயர் சாமியார். இந்த ஊரில் தாடி வைத்தவனுக்கு வேறு பெயர் கிடைக்காது.

அந்த சைட்டில் எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள். போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வெயில் நாள். காலை வெயில் நேராக அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் மலைப் பாறை வாங்கி வைத்த சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஹெல்மெட்டுக்குள் பிளாஸ்டிக் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தலை அந்தப் பட்டைகளில்தான் உட்காரும். மேல் ஓட்டில் படாது. வியர்வையில் அந்தப் பட்டை நெற்றியை அறுத்தது. எனக்கு ஒரு பக்கம் கொக்கியும் உடைந்து பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்து இரக்கப்பட்டவள் மல்லிகா. கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரி. கொஞ்சம் நிலம் உண்டு. மழை இல்லாத மாதங்களில் சித்தாள் வேலைக்கு வருவாள். சிமெண்ட் சட்டியைத் தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு, படியேறுவாள். வாய் அதற்கு மேல் ஓடும். என்னை அண்ணா என்பாள். கோபம் வந்தால் சாமியாரே என்பாள். அவள் என் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்து, உடைந்த பட்டை எதற்கு என்று மொத்தத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்துக்குப் பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி வட்டமாகத் தைத்து வைத்தாள். சும்மாடு. தலைச்சுமைக்காரர்கள் சட்டிக்கும் தலைக்கும் நடுவில் வைக்கிற அதே துணிச்சுருள். ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவில் இம்மி இடம் இல்லாமல் கச்சிதமாக நின்றது. அறுப்பு போயிற்று, வியர்வையையும் உறிஞ்சியது. நான் அவளை ஊருக்கெல்லாம் புகழ்ந்தேன். அதைக் கேட்டுக் கம்பி கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்காரர்கள் எல்லோரும் தங்கள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் பட்டையை எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

ஒருநாள் மேல் தளத்தில் குழாய் மாற்றும்போது யார் கையிலிருந்தோ ஒரு கிளாம்ப் நழுவி, கீழே நின்ற என் தலையில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கீறல், அவ்வளவுதான். ஓடு உடையவில்லை. தலையில் ரத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து டீ குடித்தேன். ஹெல்மெட்தான் காப்பாற்றியது என்று சைட்டே கொண்டாடியது. மல்லிகா அதற்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் சுற்றித் திருஷ்டி கழித்தாள். ராசியான ஹெல்மெட் என்று பெயர் வந்துவிட்டது. உயரத்துக்குப் போகும்போது அதைக் கொஞ்சம் கொடு என்று இரவல் கேட்டவர்கள்கூட உண்டு. கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ஒன்றுமில்லை. பிறகு காலையில் எழுந்தால் தலைவலி. வெயில் என்று நினைத்தேன். பேசும்போது சில வார்த்தைகள் வாய்க்கு வராமல் போயின. ஸ்பானர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது, அது என்று நின்றேன். இடது கால் செருப்பு வழியில் கழன்றுவிடும். கழன்றது தெரியாமல் நடப்பேன். டீக்கடையில் கண்ணாடி டம்ளர் இடது கையிலிருந்து வழுக்கி விழுந்தது. சாமியார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தார்கள். ஒரு காலத்தில் நான் குடித்தவன்தான், விட்டுப் பல வருஷம் ஆயிற்று. விளக்கம் சொல்லவும் அலுப்பாக இருந்தது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கிளம்பவேண்டியதுதான் என்று தோன்றியது. எனக்கு எல்லாத் தொந்தரவுக்கும் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். மேஸ்திரியிடம் கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டுப் பையோடு சைட்டுக்கு வந்தேன்.

மல்லிகா வழியில் நின்றாள். ஒரு செருப்போடு வருவதைப் பார்த்தாள். கிட்டே வந்து, ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம் இல்லாமல், என் வாயை முகர்ந்தாள்.

"குடிச்சவன் கிட்ட வாசனை வரணும்ல. ஒன்னும் வரலையே. ஏன்ணா ஒரு பக்கமா சாயற?"

நான் ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

"ரயிலு நாளைக்கும் வரும். நட, ஆஸ்பத்திரிக்கு."

அவள் என் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைய கூலி போனது அவளுக்கு. ஷேர் ஆட்டோவில் என்னை இடது பக்கம் சாயாமல் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ரயிலில் ஏறியிருந்தால் எந்த ஸ்டேஷனில் என்னை இறக்கிப் போட்டிருப்பார்களோ தெரியாது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி வேலை. சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. எல்லா வரிசையின் முடிவிலும் ஒரே கேள்வி: கூட யார் வந்திருக்கிறார்கள்? என் ஆயுசில் நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற கேள்வி அது. ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் மல்லிகா "நான்தாங்க" என்றாள்.

முதலில் பார்த்த டாக்டர் இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். திறந்தபோது வலது கை இருந்த இடத்தில் இருந்தது. இடது கை கீழே இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லை. என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருந்தது.

தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் வலிக்காது. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்கவேண்டும், ஆடக்கூடாது. தலையைக் குறுக்காக வில்லை வில்லையாக அறுத்துப் பார்த்த மாதிரி படம் வரும். மூளை டாக்டர் அந்தப் படத்தை எங்கள் இருவருக்கும் காட்டினார். வலப் பக்கம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை போல ஒன்று. அது தேங்கிய பழைய ரத்தம் என்றார். மூளையின் மேல் உறைக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வயது ஏறினால் மூளை கொஞ்சம் சுருங்கும், குழாய்கள் இழுபட்டு நிற்கும். ஒரு அதிர்வில் ஒன்று அறுந்தால் சொட்டுச் சொட்டாகக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து மூளையை அமுக்கும். அமுங்கியது வலப் பக்கம் என்றால் கை கால் இழுப்பது இடப் பக்கம்.

"வெள்ளம் வந்து வீடு விழற மாதிரி இல்ல பெரியவரே. ஓடு ஒழுகி ஒழுகி சொவரு ஊறிப் போற மாதிரி," என்றார். கட்டட வேலைக்காரன் என்று தெரிந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாரே என்று அந்த நிலையிலும் எனக்குப் பிடித்திருந்தது.

மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு அதை வெளியேற்ற வேண்டும், அதுவும் அன்றைக்கே. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மறுபடி சாரம் ஏற முடியுமா? அவர், முதலில் பிழைத்து எழுந்து உட்காருங்கள், ஏறுவதைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஏற முடியாது என்று அவர் சொல்லாததை நான் பிடித்துக்கொண்டேன். வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது. ஏறத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் மறுநாளே வேலை உண்டு. அந்த நம்பிக்கையில்தான் என் கால் இத்தனை வருஷம் ஓடியது.

ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. சொந்தக்காரர் கையெழுத்தும் வேண்டும் என்று வார்டு சிஸ்டர் சொன்னார். மல்லிகா பேனாவை வாங்கினாள். என்ன உறவு என்று கேட்டார். தங்கச்சி என்றாள். அப்பா பெயர் என்ன என்றார். அவள் தன் அப்பா பெயரைச் சொன்னாள். என் சீட்டில் என் அப்பா பெயர் வேறாக இருந்தது. சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தோளில் தொங்கிய என் பையைப் பார்த்தார்.

"சித்தப்பா பொண்ணா?"

"ஆமாங்க, சித்தப்பா பொண்ணு," என்றாள் மல்லிகா.

அவ்வளவுதான். அந்த சிஸ்டரை நான் மறக்கமாட்டேன். இல்லாத சித்தப்பாவை எனக்கு ஒரு நொடியில் உண்டாக்கித் தந்தவர்.

தலையை மழிக்க ஆள் வந்தார். தாடியும் போகட்டுமா சாமி என்று பயபக்தியோடு கேட்டார். நான் சாமியார் இல்லை, சாரம் கட்டுகிறவன் என்றேன். அவர் நம்பவில்லை. எடுத்தபின் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

விழித்தபோது தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பைக்குப் போயிருந்தது. மிச்சமிருக்கும் பழைய ரத்தம் அதில் வடியும்; கறுத்த டிகாக்‌ஷன் நிறம். அது வடிகிற வரை மட்டமாகப் படுத்திருக்கவேண்டும், தலையணை கிடையாது. நான் முதலில் இடது கால் பெருவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. பக்கத்தில் இருந்த மல்லிகா அந்தப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஆட்டு என்றாள்.

அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் சைட்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்களாம். பக்கத்துக் கட்டிலில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவர். அவர் மனைவி தன் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஆற்றும்போதே எனக்கும் ஒரு டம்ளர் சேர்த்து ஆற்றினார். யார், என்ன என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குச் செலவு இல்லை. மனிதர்கள் செலவழித்ததை எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ எனக்கு வலிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, மற்றவர்கள் சொன்னதுதான். இடது கை துடிக்க ஆரம்பித்து உடம்பெல்லாம் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஆள் கையில் இரும்பைக் கொடு, சாவியைக் கொடு என்று ஓடி வந்திருக்கிறார்கள். அந்தச் சிஸ்டர் குரலை உயர்த்தாமல், "சாவி வாணாம், காத்து விடுங்க போதும்" என்று எல்லோரையும் விலக்கி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பார்த்துக்கொண்டு, ஊசி போட்டிருக்கிறார். அமுங்கிக் கிடந்த மூளை இப்படிக் கோபித்துக்கொள்வது உண்டாம். மாத்திரை கொடுத்தார்கள். அன்று முதல், சாரம் ஏற முடியுமா என்ற என் கேள்விக்கு டாக்டர் முகத்திலிருந்து எந்தப் பதிலும் படிக்க முடியவில்லை.

குழாயை எடுத்து நான் உட்கார ஆரம்பித்த பிறகு நஸ்ரீன் மேடம் வந்தார். சைட்டுக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக வந்த பெண். ராணிப்பேட்டைப் பக்கம். என் கதையைக் கேள்விப்பட்டு, கிளாம்ப் எங்கிருந்து விழுந்தது என்று விசாரித்துவிட்டு, என் ஹெல்மெட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மல்லிகாவும் இருந்தாள். குங்குமத்தோடு அதை வெளியே எடுத்தபோது வார்டில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேடம் அதைக் கவிழ்த்தார். விரலை விட்டு சும்மாட்டை எடுத்தார்.

"இத யாரு வெச்சது?" என்றார்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைதான் எனக்கு இன்னும் மெதுவாக வந்துகொண்டிருந்ததே. அதற்குள் மல்லிகா சொல்லிவிட்டாள்.

"நான்தான் மேடம். இவருக்கு மட்டும் இல்ல. முக்கால்வாசி பேருக்கு நான்தான் தெச்சிக் குடுத்தேன். இன்னா தப்பு அதுல?"

மேடம் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு புது ஹெல்மெட்டை எடுத்தார். மல்லிகாவின் கையை முஷ்டியாக மடக்கச் சொல்லி, சும்மாடு வைத்த ஹெல்மெட்டைத் தலைமேல் கவிழ்ப்பது போல அந்த முஷ்டிமேல் கவிழ்த்து, மேலே தண்ணீர் பாட்டிலால் ஒரு தட்டுத் தட்டினார். மல்லிகா கையை உதறினாள். பிறகு பட்டை வைத்த புது ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதே மாதிரி தட்டினார். பட்டைகள் கொஞ்சம் இழுபட்டு நின்றன.

"இதுல அடி கம்மியா இருக்கு," என்றாள் மல்லிகா.

மேடம் பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினார். மேலே விழுவதை ஓடு வாங்குகிறது. பட்டை இழுபட்டு, அந்த வேகத்தை இந்த இடத்துக்குள்ளேயே தணித்துவிட்டு, மிச்சத்தைத்தான் தலைக்கு விடுகிறது என்றார். இந்த இடத்தை அடைத்துவிட்டால் ஓட்டில் விழுந்தது அப்படியே மண்டையில் விழுந்தது போலத்தான்.

"இந்தக் காலி எடம்தான்கா ஹெல்மெட்டு. மத்ததெல்லாம் அதத் தாங்கிப் புடிக்கத்தான்."

மல்லிகா அந்த இரண்டு விரல் இடத்தையே பார்த்தாள்.

"காலியா இருக்குதேன்னுதானே மேடம் நெரப்பினேன்," என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. தலைச்சுமைக்காரர்களுக்கு அதுதான் பாடம். சட்டிக்கும் தலைக்கும் நடுவில் இடைவெளி விட்டால் சுமை ஆடும், கழுத்து போய்விடும். இடமில்லாமல் நிரப்பவேண்டும். வாழ்நாளெல்லாம் சுமந்தவள் அந்த ஞானத்தை அப்படியே எடுத்து என் ஹெல்மெட்டுக்குள் வைத்துவிட்டாள். சுமை மெதுவாக உட்காரும். அடி அப்படி உட்காராது. இந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டாக்டரிடம் பிறகு கேட்டேன். பட்டை இருந்திருந்தால் இது வந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அதிர்வு குறைந்திருக்கும். அந்த வெறும் ஓடும் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னிடம் வந்திருக்கவே மாட்டீர்கள் என்றார். இதை மல்லிகாவிடம் அப்படியே சொன்னேன். பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் பாதி சொல்லித் தப்ப முடியாது.

அன்று மாலை அவள் சைட்டுக்குப் போய், வேலை முடிந்து இறங்கியவர்களை வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு ஹெல்மெட்டாக வாங்கித் தன் கையால் தைத்ததைத் தன் கையாலேயே பிடுங்கி எடுத்தாள். கம்பி கட்டுகிற ஒருவன் மெத்தென்று இருக்கிறது, தரமாட்டேன் என்றானாம். தலையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் அண்ணனைக் காட்டுவேன் என்றாளாம். தான் தைத்ததுதான் தப்பு என்று அத்தனை பேர் நடுவில் அவள் சொன்னதை வந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். என்னால் முடிந்திருக்காது. நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன்.

பட்டையைப் பிடுங்கி எறிந்த ஹெல்மெட்களுக்குப் பதிலாகப் புதிது வேண்டுமே. எதை வாங்குவது என்று பார்க்க, நஸ்ரீன் மேடம் இன்னொரு நாள் பார்வையாளர் நேரத்தில் நாலைந்து வகையைக் கொண்டுவந்தார். போடப்போகிறவர்களைக் கேட்காமல் வாங்கியதால்தான் இந்த வினை என்பது அவர் எண்ணம். வார்டு வராந்தாவில் வைத்து மல்லிகாவுக்கு மாட்டிப் பார்த்தார். என் கட்டுமேல் ஒன்றும் வைக்கக்கூடாது. எனக்கு யோசனை சொல்கிற வேலை மட்டும். உயரத்தில் வேலை செய்கிறவனுக்குத் தாடைப் பட்டை நாலு இடத்தில் பிடித்திருக்கவேண்டும், குனிந்தால் கழன்று கீழே இருப்பவன்மேல் விழக்கூடாது என்றேன். முன்விளிம்பு நீளமாக இருந்தால் அண்ணாந்து பார்க்க மறைக்கும், குட்டையாக வேண்டும் என்றேன். அவர் ஆமாம் என்று, தன் பங்குக்கும் அடுக்கினார். மின்சார வேலைக்காரர்களுக்குக் காற்றுத் துளை இல்லாதது. துளை வழியே கம்பி உரசினால் ஆபத்து. மற்றவர்களுக்குத் துளை இருக்கலாம். வெளிர் நிறம், சூடு ஜாஸ்தி வாங்காது. பின்னால் திருகி இறுக்குகிற வகை, அவரவர் தலைக்குத் தகுந்தபடி. நெற்றியில் மட்டும் கழற்றித் துவைக்கிற துணிப் பட்டை. வியர்வைக்கு அதுவே போதும். எங்கள் பழைய புடவைக்கு வேலையே இல்லை. விளிம்புக்கு அடியில் செய்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். வெயிலில் கிடந்து வெளுத்துப் பொரிந்தது உதவாது. ஒரு தடவை பலமாக அடி வாங்கியது, பார்க்க எப்படி இருந்தாலும், அதோடு சரி.

"குங்குமம் வெச்சா கெட்டுடுமா மேடம்?" என்றாள் மல்லிகா.

"குங்குமம் ஒன்னும் பண்ணாதுக்கா. பூஜை பண்ணி வெச்சிக்குங்க. தலையிலதான் போடக்கூடாது."

அடுத்தது மல்லிகாவின் கொண்டை. எந்த ஹெல்மெட்டும் அதன்மேல் ஏறி, நெற்றிக்கு மேல் மிதந்தது. சைட்டில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் மிதக்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிக் கட்டி, பின் பட்டையை அதற்கு மேலே திருகினால் உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டில்காரரும் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, வண்டிக்கு இதையே போடலாமா, காற்றோட்டமாக இருக்கிறதே என்றார். ரோட்டுக்கு இது ஆகாது, பக்கவாட்டில் விழுந்தால் காக்காது, அதற்கு உள்ளே கெட்டி நுரை வைத்தது வேறு என்றார் மேடம். அவர் மனைவி, "முதல்ல ஏதாவது ஒன்ன போடச் சொல்லுங்க" என்றார்.

கடைசியில் மல்லிகா கேட்டாள்: "எல்லாம் சரி. இத போட்டுக்கினா சட்டிய எங்க வெக்கிறது? உங்க தலையிலயா?"

மேடத்துக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். ஹெல்மெட் மேல் சுமை வைத்தால் பட்டை முழுக்க இழுபட்டுக் கிடக்கும். அப்புறம் அடியை வாங்க மிச்சம் ஏது? இருவரும் அங்கேயே சண்டை போல விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேல் தளங்களுக்குச் சரக்கை மின்தூக்கியில் ஏற்றுவது. தலைச்சுமை என்றால் மேலே யாரும் வேலை செய்யாத, எதுவும் விழ வாய்ப்பில்லாத வழியில் மட்டும், சும்மாட்டோடு. சாரத்துக்குக் கீழே கயிறு கட்டி மறித்து யாரையும் விடக்கூடாது. இதை மேடம் காண்டிராக்டரிடம் எப்படிப் பேசி வாங்கினார் என்று தெரியாது. வாங்கினார். பெரிய படிப்புப் படித்தவர் ஒரு சித்தாளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படவில்லை. அவளும் அவரிடம் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்தேன். எனக்கு அது பெரிய காட்சியாக இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி, பிறகு மறுபரிசோதனைக்குப் போனேன். மல்லிகாவும் வந்தாள். புதிய படத்தில் பிறை இல்லை. மூளை தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. கையை நீட்டிக் கண்ணை மூடினேன். இரண்டும் நின்றன. டாக்டருக்கே சந்தோஷம். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. வலிப்பு ஒரு தடவை வந்திருக்கிறது, மாத்திரை நீண்ட காலம் தொடரவேண்டும், சாரத்தின் மேல் நிற்கும்போது ஒரு நொடி வந்தாலும் முடிந்தது. உங்களுக்கு மட்டுமில்லை, கீழே இருப்பவனுக்கும். ஏறவேண்டாம் என்றார். இப்போதைக்கா என்று கேட்டேன். ஏறவேண்டாம் என்று மறுபடி சொன்னார்.

வெளியே வந்து மரத்தடிக் கடையில் டீ குடித்தோம். அவள் எனக்குச் சாப்பிட ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, தரையிலும் மனிதர்கள் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அதே சைட்டில் எனக்கு வேலை சாரத்துக்குக் கீழே. மறித்துக் கட்டிய கயிறு ஓரமாக நின்று, அந்த இடத்துக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆயுசில் ஒரு இடத்தில் நிற்காதவனுக்கு நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற வேலை. முதல் வாரம் கால் கேட்கவில்லை. மேலே புதியவர்கள் குழாய் பூட்டுவதைப் பார்த்தால் கை தானாக அசையும். நஸ்ரீன் மேடம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து என்னிடம் பூட்டு சரியா என்று கேட்பார். சொல்வேன்.

நேற்று மல்லிகா தலையில் செங்கல்லோடு வந்தாள். சும்மாட்டின்மேல் சுமை. சாரத்துக்கு அடியில் புகுந்தால் பத்தடி. சுற்றினால் கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்க. கயிற்றைத் தூக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன்.

"காலையிலேர்ந்து பாக்கறேன், ஒரு தூசிகூட விழல. யாருக்கு காவல் நிக்கிற, சாமியாரே?"

"சுத்திப் போ."

"தலையில செங்கல்லு, ணா."

"மலையையே சுத்தற ஊர்க்காரி. ஒரு சாரத்தச் சுத்தினா கொறஞ்சா போவ?"

முறைத்தாள். தலை அசையாமல், உடம்பை மட்டும் திருப்பிக்கொண்டு, என்னென்னவோ திட்டியபடி சுற்றிப் போனாள். அந்தப் பக்க மூலையில் அவள் குரல் மறைகிற வரைக்கும் நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் விழவில்லை.